கருப்பெல்லாம் கருகியதல்ல: ஜோகோதியன் குகையின் எலும்புகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1930ஆம் ஆண்டு வாக்கில், சீனாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியாரும் புவியியலாளருமான தெயார் த ஷார்தன் பாரிசுக்கு வந்தபோது ஒரு மான்கொம்புத் துண்டைக் கொண்டுவந்தார். அது கருத்துப் போயிருந்தது. கற்கால ஆய்வில் அன்று பெரிய பெயரான ஹென்றி ப்ரய்யிடம் அதைக் காட்டினார். எங்கே கிடைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. ப்ரய் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பச்சையாக இருந்தபோதே கல்லாயுதத்தால் செதுக்கப்பட்டது, நெருப்பிலும் பட்டிருக்கிறது என்றார். அந்தத் துண்டு ஜோகோதியனிலிருந்து வந்தது. பீக்கிங் மனிதன் என்று பின்னாளில் உலகமே அறிந்த, ஹோமோ எரெக்டஸ் என்ற பழைய மனித இனத்துக் கூட்டத்தின் எலும்புகள் கிடைத்த இடம் அதுதான். அவ்வளவு பழைய மனிதன் நெருப்பை ஆண்டிருப்பான் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை.

1931ல் டேவிட்சன் பிளாக் அதை அறிவித்தார். கனடாவிலிருந்து வந்து பெய்ஜிங்கில் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தவர் அவர். கருத்த எலும்புகள், சாம்பல் போலத் தெரிந்த மண் அடுக்குகள், சூடு பட்டதாகத் தோன்றிய கற்கள் ஆகியவையே அவருடைய சான்றுகள். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்களில் இது அசையாத செய்தியாக இருந்தது. குகைக்குள் தீயைச் சுற்றி உட்கார்ந்து இறைச்சி சுடும் பீக்கிங் மனிதனின் படத்தைப் பார்க்காமல் மனிதப் பரிணாமம் படித்தவர் குறைவு.

1998ல் அந்தப் படத்தை ஓர் ஆய்வுக் குழு மறுபடி சோதித்தது. அவர்கள் எப்படிச் சோதித்தார்கள், எதைக் கண்டார்கள், அதைப் படித்தவர்களில் பலர் எதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. எலும்பு கருப்பாக இருக்கிறதா, அது நெருப்பில் பட்டதா, நெருப்பு அந்த இடத்திலேயே எரிந்ததா, அதை மூட்டியது மனிதனா என்பவை நான்கு தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை அடுத்ததற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டதில்தான் இந்தக் குழப்பம் முழுதும் பிறந்தது.

இடமும் அடுக்குகளும்

ஜோகோதியன் பெய்ஜிங்கிற்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக் குன்று. உள்ளூர்ப் பெயர் டிராகன் எலும்புக் குன்று. புதைபடிவ எலும்புகளை 'டிராகன் எலும்பு' என்று பொடித்து மருந்தாக விற்பது சீனாவில் நெடுநாள் வழக்கம். அதற்காக எலும்பு பொறுக்கியவர்களின் வழியாகத்தான் இப்படிப்பட்ட இடங்கள் அறிவியலாளர்களின் கண்ணில் பட்டன. 1929 டிசம்பர் 2 அன்று பெய் வென்சோங் இங்கே முதல் முழுமையான மண்டையோட்டை எடுத்தார். 1937ல் போர் வரும்வரை தோண்டல் நடந்தது. எடுத்த மனித எலும்புகளில் பெரும்பகுதி 1941ல் காணாமல் போனது தனிச் சோகம்.

குகையின் படிவு நாற்பது மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. மேலிருந்து கீழாக அடுக்குகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, மேல்பாதியில் இருக்கும் 4ஆம் அடுக்கு. பல மீட்டர் தடிமனான 'சாம்பல்' என்று சொல்லப்பட்டது இதுதான். இன்னொன்று, அதற்கு வெகு கீழே உள்ள 10ஆம் அடுக்கு. கல்லாயுதங்களும் கருத்த எலும்புகளும் சேர்ந்து கிடைக்கும் மிகப் பழைய அடுக்கு அது. 2009ல் வெளியான அலுமினியம், பெரிலியம் ஐசோடோப்புக் கணிப்பு, 7 முதல் 10 வரையான அடுக்குகளுக்குச் சுமார் 7,70,000 ஆண்டு வயது தந்தது.

சந்தேகம் 1998க்கு முன்பே வந்துவிட்டது. 1985ல் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டும் சுவான் குன் ஹோவும் இந்தக் குகையை மனிதனின் வீடு என்று அழைப்பதே சரிதானா என்று கேட்டார்கள். கழுதைப்புலிகளும் மற்ற விலங்குகளும் எலும்பைக் குகைக்குள் கொண்டுவந்து சேர்க்கும், சாம்பல் என்று சொல்லப்படுவது விலங்குகளின் கழிவு படிந்ததாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே வெளியான அறிக்கைகளைப் படித்து எழுப்பிய கேள்வி. எலும்பை ஆய்வகத்தில் கரைத்துப் பார்த்துச் சொன்ன பதில் அப்போது இல்லை.

நெருப்பு எலும்பை என்ன செய்கிறது

சுடுகாட்டில் மறுநாள் எலும்பு பொறுக்கப் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். தீ நன்றாகப் பிடித்த இடத்தில் கிடந்த எலும்பு வெள்ளை வெளேரென்று, தொட்டால் உதிர்ந்துவிடும் போல இருக்கும். விறகு சரியாக எரியாத ஓரத்தில் கிடந்தது கருப்பாக, கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். கருப்பைவிட வெள்ளைதான் அதிகச் சூடு கண்டது.

காரணம் எளிது. எலும்பு இரண்டு பொருள்கள் பின்னிய கூட்டு. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம், கொஞ்சம் நீர். சூடு ஏறும்போது முதலில் நீர் போகிறது, எலும்பு பழுப்பாகிறது. 300 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது கொலாஜன் கரியாகிறது, எலும்பு கருக்கிறது. 500, 600 டிகிரிப் பக்கம் போனால், காற்றும் கிடைத்தால், அந்தக் கரியே எரிந்து போகிறது. எலும்பு சாம்பல் நிறமாகி, அப்புறம் வெள்ளையாகிறது. அதற்கு மேலும் சூடு ஏறினால் மிகச் சின்னதாக இருந்த அபடைட் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. எலும்பு சுருங்குகிறது, வெடிப்பு விடுகிறது.

ஆக, வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு தடயம் மிஞ்சுகிறது. நடுத்தரச் சூட்டின் தடயம் கரி. மிகுந்த சூட்டின் தடயம் படிகத்தின் மாற்றம். ஒரே சோதனையை எல்லா எலும்புக்கும் வைத்தால் ஒரு வகையைத் தவறவிடுவோம் என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நெருப்பே படாத எலும்பு கருப்பாவது எப்படி? பெரும்பாலும் மாங்கனீசு. ஈரமும் அழுகும் பொருளும் உள்ள மண்ணில், காற்று குறைந்த இடத்தில், மாங்கனீசு நீரில் கரைந்து நடமாடும். காற்று கிடைக்கும் இடத்துக்கு வந்ததும், பல சமயம் நுண்ணுயிர்களின் உதவியோடு, கரும் ஆக்சைடாக எலும்பின் மேல் படிந்துவிடும். இரும்பு ஆக்சைடும் கூட வரும். குகைகளில் வௌவால் எச்சமும் ஒழுகும் நீரும் உண்டு என்பதால் இந்தக் கறைக்கு ஏற்ற இடம் வேறு வேண்டாம். சில நேரம் அது எலும்புக்குள் வெகுதூரம் ஊறியும் இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் கருப்பு. உடைத்தால் தெரிந்துவிடும் என்பது போதாத நம்பிக்கை.

அமிலத்தில் கரைத்துப் பார்த்தல்

இந்த இரண்டு கருப்பையும் பிரிக்க வழி இஸ்ரேலில் பிறந்தது. மேற்குக் கலிலேயாவில் உள்ள ஹயோனிம் குகையில் கருத்த எலும்புகள் நிறையக் கிடைத்தன. ரூத் ஷஹக்-கிராஸ், ஒஃபர் பார்-யோசஃப், ஸ்டீவ் வைனர் மூவரும் அவற்றை வைத்து 1997ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். வைனர் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் உயிரினங்கள் கனிமத்தை எப்படி உருவாக்குகின்றன என்று ஆராய்ந்தவர். சிப்பியையும் பல்லையும் படித்த கண் எலும்புக்குத் திரும்பியது தொல்லியலுக்குக் கிடைத்த பேறு என்றே நினைக்கிறேன்.

முறை இதுதான். எலும்பில் கொஞ்சம் பொடி எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். அபடைட் முழுதும் கரைந்துபோகும். கரையாமல் அடியில் தங்குவதைக் கழுவி, உலர்த்தி, அதன் மேல் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு வேதிப்பிணைப்பும் தனக்கென்று ஒரு அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். வரும் கோட்டுப்படத்தைப் பார்த்தால் பொருள் எது என்று சொல்லலாம். கெடாத கொலாஜன் என்றால் புரதத்துக்குரிய மேடுகள் தெரியும். கருகிய எலும்பு என்றால் அவை சிதைந்து, கரிக்குரிய வடிவம் வரும். கறை பிடித்த எலும்பில் கரியே இருக்காது.

கரி ஏன் இவ்வளவு நம்பத்தக்கது? பல லட்சம் ஆண்டுப் பழைய எலும்பில் கொலாஜன் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். நுண்ணுயிர்கள் புரதத்தைத் தின்றுவிடும். கரியை அப்படி எளிதில் தின்ன முடியாது. அதனால் கொலாஜன் போன பிறகும், ஒருமுறை கருகியிருந்தால், அந்தக் கரி எலும்புக்குள் நீடிக்க வாய்ப்பு உண்டு.

வெள்ளையாக எரிந்த எலும்புக்கு இந்தச் சோதனை பயன்படாது. அதில் கரியே மிஞ்சவில்லையே. அதற்குக் கனிமத்தைப் பார்க்க வேண்டும். அகச்சிவப்புக் கோட்டுப்படத்தில் பாஸ்பேட்டுக்கு இரட்டை மேடு ஒன்று உண்டு. படிகம் பெரிதாகவும் ஒழுங்காகவும் ஆக ஆக அந்த இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் ஆழமாகும். மேடுகளின் உயரத்தைக் கூட்டிப் பள்ளத்தின் உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். பச்சை எலும்பில் அது 3க்குக் கீழே நிற்கும். வெள்ளையாக எரிந்த எலும்பில் 5ஐயும் தாண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுந்தார்கள். நெருப்பே படாமல் மண்ணில் நெடுங்காலம் கிடந்தாலும் படிகம் மெல்ல வளரும், இந்த எண் உயரும். ஒரு எண்ணை மட்டும் வைத்து 'சுட்டது' என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. நிறம், அமிலத்தில் கரையாத மிச்சம், படிகத்தின் நிலை மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதோடு அதே அடுக்கில் கிடந்த, சுடாதது என்று உறுதியான எலும்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

10ஆம் அடுக்கில் கிடைத்தது

வைனர், பார்-யோசஃப், மண்ணை நுண்ணோக்கியில் படிப்பதில் தேர்ந்த பால் கோல்ட்பர்க், பெய்ஜிங்கைச் சேர்ந்த சூ சின்ச்சி, லியு ஜின்யி ஆகியோர் சேர்ந்து ஜோகோதியனுக்குப் போனார்கள். 1930களில் தோண்டியவர்கள் விட்டுவைத்த மேற்குச் சுவரை அவர்கள் புதிதாகச் சுத்தம் செய்து, அடுக்கடுக்காக மண்ணும் எலும்பும் எடுத்தார்கள். முடிவு 1998ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

10ஆம் அடுக்கில் அவர்கள் எடுத்த பெரிய விலங்குகளின் எலும்புகள் 42. அவற்றில் சுமார் 12 சதவீதம் கருகியவை. எலி போன்ற சிற்றுயிர்களின் எலும்புகள் 278, அவற்றில் 2.5 சதவீதம் கருகியவை. இது நிறத்தை வைத்துப் போட்ட கணக்கு அல்ல, அமிலத்தில் கரைத்து, மிச்சத்தின் கோட்டுப்படத்தைப் பார்த்துப் போட்டது. கருகிய எலும்பும் கருகாத எலும்பும் கல்லாயுதங்களோடு ஒரே அடுக்கில் கிடந்தன.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஜோகோதியனில் சுட்ட எலும்பு உண்டு என்று அந்தக் கட்டுரை உறுதி செய்தது. பிளாக்கும் ப்ரய்யும் கண்ணால் பார்த்துச் சொன்னதில் அந்தப் பகுதிக்கு வேதியியல் ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரையை 'பீக்கிங் மனிதனுக்கு நெருப்பே தெரியாது என்று நிரூபித்துவிட்டார்கள்' என்று சுருக்கிச் சொல்வதை இன்றும் பார்க்கலாம். அவர்கள் அப்படி எழுதவில்லை. எரிந்ததற்கு மறைமுகச் சான்று இருக்கிறது. அந்த இடத்திலேயே எரிந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை மதிக்காவிட்டால் இந்த ஆய்வு முழுதும் வீண்.

நேரடிச் சான்று என்று எதைத் தேடினார்கள்? சாம்பலை. விறகுச் சாம்பலில் பெரும்பகுதி கால்சைட். அது ஈரத்தில் கரைந்துவிடும், அல்லது குகையின் எச்சத்திலிருந்து வரும் பாஸ்பேட்டோடு சேர்ந்து வேறு கனிமமாகிவிடும். அதனால் 'சாம்பலைக் காணோம்' என்பது மட்டும் எதையும் சொல்லாது. ஆனால் மரம் மண்ணிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சிலிக்கா சார்ந்த துகள்களும் சாம்பலில் சிறு பங்காக உண்டு. அமிலத்திலும் கரையாத இந்தச் சிலிக்காத் திரள்கள், கால்சைட் முழுதும் போன பிறகும் தங்கும். இஸ்ரேலின் கெபாரா, ஹயோனிம் குகைகளில், கண்ணுக்குச் சாம்பலே தெரியாத அடுக்குகளில்கூட இவற்றை வைத்துப் பழைய அடுப்புகளை அடையாளம் கண்டிருந்தார்கள். ஜோகோதியனின் 10ஆம் அடுக்கிலும் 4ஆம் அடுக்கிலும் தேடியபோது அவை கிடைக்கவில்லை. மரக்கரியும் இல்லை.

அப்படியானால் அந்தப் படிவு என்ன? கோல்ட்பர்க் மண்ணைக் கட்டியாகவே வெட்டி எடுத்து, பிசினில் ஊறவைத்துக் கெட்டியாக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். 10ஆம் அடுக்கின் கீழ்ப்பகுதியில் மெல்லிய வரிவரியான வண்டல் தெரிந்தது. நீர் தேங்கிய இடத்தில், அமைதியாகப் படிந்தது. பல மீட்டர் தடிமனான 4ஆம் அடுக்கின் 'சாம்பல்', வெளியே காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண் நீரோடு குகைக்குள் வந்து படிந்தது. 2001ல் வந்த விரிவான கட்டுரையில் இதை அடுக்கடுக்காக விளக்கினார்கள்.

நீர் கொண்டுவந்த மண் என்றால் எலும்பையும் நீரே கொண்டுவந்திருக்கலாம். எங்கோ எரிந்து, உருண்டு வந்து, கல்லாயுதத்தின் பக்கத்தில் தங்கியிருக்கலாம்.

எப்போது எரிந்தது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. விலங்கு செத்த சில நாளில் எரிந்ததா, பல ஆயிரம் ஆண்டு கழித்தா?

1995ல் மேரி ஸ்டைனர் குழுவினர் எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார்கள். எலும்பைப் புதைத்து, மேலே தீ மூட்டினார்கள். தணலுக்கு அடியில் 6 செ.மீ. ஆழம்வரை புதைந்திருந்த எலும்பும் கருகியது. வெள்ளையாக எரிய மட்டும் தணலை நேரடியாகத் தொட வேண்டியிருந்தது. ஒருவர் சமைத்துவிட்டுப் போன இடத்தில், அடியில் ஏற்கெனவே புதைந்திருந்த எலும்பும் கருகியிருக்கும். அதை அவர் தின்றார் என்று எழுதினால் தவறு. வெள்ளை எலும்புக்கும் கருப்பு எலும்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே இன்னொரு பொருளையும் பெறுகிறது. ஓர் இடத்தில் வெள்ளை எலும்புகள் கணிசமாக இருந்தால், அவை தணலுக்குள்ளேயே கிடந்தன என்று துணிந்து சொல்லலாம்.

இன்னொரு நிறமும் உண்டு: நீலப்பச்சை. மண்ணில் நெடுங்காலம் கிடந்து மாங்கனீசை உள்வாங்கிய புதைபடிவ எலும்பையோ தந்தத்தையோ சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கினால் அது பச்சை கலந்த அழகிய நீலமாகும். இடைக்கால ஐரோப்பாவில் இதை ஓடோன்டோலைட் என்ற பெயரில் மணிக்கல் போலவே பதித்தார்கள். புது எலும்பைச் சுட்டால் இந்த நிறம் வராது. ஜோகோதியனிலும் இப்படிப்பட்ட துண்டுகள் சில கிடைத்திருக்கின்றன. அந்த எலும்பு நெருப்பைக் கண்டது உண்மை; ஆனால் அப்போது அது ஏற்கெனவே புதைபடிவம். யாருடைய சாப்பாடாகவும் அது இருந்திருக்க முடியாது.

ஒப்பிட ஓர் ஆப்பிரிக்கக் குகை

இதே கேள்வியை வேறு வழியில் அணுகிய இடம் தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ். சி. கே. பிரெய்ன் அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேல் தோண்டினார். 1980களில் ஒரு நாள் கருத்த எலும்புத் துண்டுகள் அவர் கவனத்தை இழுத்தன. அவர் அவசரப்படவில்லை. மானின எலும்புகளைத் தானே திறந்தவெளித் தீயில் சுட்டு, வெவ்வேறு சூட்டில் எலும்பின் உள்ளமைப்பு எப்படி மாறுகிறது என்று மெல்லிய தகடுகளாக வெட்டிப் பார்த்தார். பிறகு ஆண்ட்ரூ சிலனோடு சேர்ந்து, குகையின் மூன்றாம் பிரிவுப் படிவில் எடுத்த 59,488 துண்டுகளையும் பார்த்தார். அவற்றில் சுட்டவை என்று தேறியவை 270. 1988ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். படிவின் வயது பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம் ஆண்டு.

அரை சதவீதம்கூட இல்லாத 270ஐத் தேடி ஏறக்குறைய அறுபதாயிரம் துண்டுகளைப் புரட்டிய அந்தப் பொறுமையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர்களுடைய வாதத்தின் பலம் எண்ணிக்கையில் இல்லை. சுட்ட எலும்புகள் ஒரே இடத்தில் குவியலாக இல்லாமல், சுமார் ஆறு மீட்டர் ஆழத்துக்குப் பல அடுக்குகளில் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு காட்டுத்தீயின் வேலை என்றால் ஒரு அடுக்கோடு நின்றிருக்க வேண்டும். கீழே உள்ள பழைய பிரிவுகளில் இப்படி எதுவும் இல்லை. சில எலும்புகள் 500 டிகிரிக்கு மேல் சூடு கண்டவை. புல்வெளித் தீ சட்டென்று கடந்து போய்விடும், எலும்பை அவ்வளவு நேரம் வாட்டாது. பின்னாளில் எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு என்ற வேறொரு முறையும் அந்த எலும்புகள் சூடு பட்டவை என்பதை ஆதரித்தது.

ஆனாலும் ஸ்வார்ட்கிரான்சிலும் எலும்புகள் குகைக்குள் கழுவி வரப்பட்டவை. தீ எரிந்த தரை கையில் இல்லை. தீ மூட்டத் தெரிந்தவர்களா, காட்டுத்தீயிலிருந்து கொள்ளி எடுத்து வந்தவர்களா என்பதும் அந்த எலும்பிலிருந்து வராது. பிரெய்னும் அதைக் கடந்து பேசவில்லை.

தரையே கிடைத்தால்

அந்தத் தரை கிடைத்த இடம் தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில் உள்ள வொண்டர்வெர்க் குகை. 2012ல் பிரான்செஸ்கோ பெர்னா தலைமையில் வந்த ஆய்வில் கோல்ட்பர்க்கும் இருந்தார். குகை வாயிலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே, பத்து லட்சம் ஆண்டுப் பழைய அடுக்கு. மின்னல் அங்கே விழாது. காட்டுத்தீ உள்ளே வராது.

அவர்கள் எலும்பை மண்ணிலிருந்து பிரித்து எடுக்கவில்லை. மண்ணோடு சேர்த்தே கெட்டியாக்கித் தகடாக்கி, நுண்ணோக்கியோடு இணைந்த அகச்சிவப்புக் கருவியால் தகட்டிலேயே ஒவ்வொரு துகளாகச் சோதித்தார்கள். புல்லும் இலையும் சிறு குச்சியும் எரிந்த சாம்பல் கலையாமல் இருந்தது. அதனூடே 500 டிகிரிச் சூடு கண்ட எலும்புத் துணுக்குகள், முனை மழுங்காமல் இருந்தன. உருண்டு வந்திருந்தால் அந்த முனைகள் தேய்ந்திருக்கும், சாம்பலும் கலைந்திருக்கும். வௌவால் எச்சம் தானே பற்றி எரியும் என்ற வாய்ப்பையும் தனியாகச் சோதித்து விலக்கினார்கள்.

ஜோகோதியனில் பயன்பட்ட அதே இரண்டு கருவிகள்தான் இவை: மண்தகடும் அகச்சிவப்பு ஒளியும். ஒரு குகையில் 'இங்கே எரியவில்லை' என்ற திசையில் கொண்டுபோன முறை, இன்னொரு குகையில் 'இங்கேதான் எரிந்தது' என்று சொல்லவும் உதவியது. 1998 முடிவைப் பீக்கிங் மனிதனுக்கு எதிரான பிடிவாதம் என்று நினைத்தவர்களுக்கு இதுவே பதில் என்று எனக்குப் படுகிறது.

மறுபடி ஜோகோதியன்

2009ல் ஜோகோதியனின் மேற்குச் சுவரில் அகழாய்வு மறுபடி தொடங்கியது. இந்த முறை கவனம் 4ஆம் அடுக்கின் மேல். 2017ல் காவ் சிங் குழுவினர் வெளியிட்ட முடிவுகளில், அந்த அடுக்கின் சில இடங்களில், சூடு பட்டால் உயரக்கூடிய மண்ணின் காந்த ஏற்புத்திறனும் (எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்பது) சிவப்பு நிறமும் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து இருந்தன. சில பகுதிகள் 700 டிகிரிக்கு மேல் சூடு கண்டவை என்று கணித்தார்கள். அடுப்புப் போன்ற தடங்களையும், 1998ல் தேடிக் கிடைக்காத சிலிக்காத் திரள்களையும் காட்டினார்கள். 2022ல், படிகத்தில் எக்ஸ் கதிர் எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கும் விளிம்பு விளைவு முறையில் அங்கிருந்து வந்த எலும்புகளைச் சோதித்தபோது, சிலவற்றின் அபடைட் படிகங்கள் 600 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைக் காட்டின. கரியைத் தேடும் சோதனைக்கு அகப்படாத வெள்ளை எலும்புகளுக்கு ஏற்ற முறை இது.

அப்படியானால் 1998 குழு தவறா? இரண்டையும் சேர்த்துப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. அவர்கள் அன்று சுத்தம் செய்து மாதிரி எடுத்தது சுவரின் முகத்தை. பின்னால் வந்தவர்கள் உள்ளே அகலமாகத் தோண்டினார்கள். ஒரு அடுக்கு முழுவதும் ஒரே கதை சொல்ல வேண்டும் என்பதில்லை. பெரும்பகுதி நீரும் காற்றும் கொண்டுவந்த மண்ணாகவும், நடுவே ஓரிரு இடத்தில் உண்மையான அடுப்பாகவும் இருக்கலாம். அடுப்பு என்பது ஒரு முழம் அகலமான பொருள். ஜோகோதியன் நாற்பது மீட்டர் உயரமான குகை.

10ஆம் அடுக்குக்கு இதனால் விடை வந்துவிடவில்லை. 4ஆம் அடுக்கில் தீ வளர்த்தவர்கள் அதற்கு நெடுங்காலத்துக்குப் பின் வந்தவர்கள். கீழே கருகிய எலும்புகள் கருகியவைதான். அவற்றைச் சுட்ட தீ குகைக்குள் எரிந்ததா, வெளியே குன்றின் சரிவில் எரிந்ததா என்பது நிற்கிறது. அந்தத் தீயின் தரை எப்போதாவது இருந்திருந்தால், அது நீர் அரித்துக்கொண்டு போன மண்ணிலோ, 1937க்கு முன்பே மண்வெட்டியும் கூடையுமாக வெளியே கொட்டப்பட்ட மண்ணிலோ போயிருக்கலாம். மிச்சம் இருக்கும் இடம் அந்த மேற்குச் சுவர்தான்.